புதுக் கட்டையில் பழைய சூலம்

என் சிநேகிதனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கினால் படிப்பவர்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். வரவில்லை. ஆகவே துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் ஊர். பிரஞ்சுக்காரன் ஆண்ட காலம். ஊரில் பெரிய வீடு என்று சொல்ல ஒன்றுதான் உண்டு, என் சிநேகிதன் அந்த வீட்டுப் பிள்ளை. அங்கே ஒரு பழைய கைத்துப்பாக்கி இருந்தது. அவுரிச் சாயக் கிடங்கு வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறியபோது, மேசை நாற்காலியோடு சேர்த்து சிநேகிதனின் தாத்தா வாங்கிப் போட்டது. குழாயில் மருந்தைப் போட்டு இடித்துச் சுடுகிற அந்தக் காலத்து உருப்படி. தாத்தா அதை எடுத்துக்கொண்டு நரி சுடப் போய், சொந்த மாட்டின் கொம்பைப் பெயர்த்துவிட்டு வந்தாராம். அன்றைக்கே ஈயத்தைக் காய்ச்சிக் குழாயில் ஊற்றி அடைத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள்.

சுட முடியாத துப்பாக்கியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அதன் மரக் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளையில் ஒரு சூலமும் அதன் கீழே சிவப்பில் ஒரு பொட்டும், மறுபக்கம் மூன்று திருநீற்றுக் கோடுகளும் வரைந்து அதைச் சாமிப் பொருளாக்கிவிட்டார். வருஷா வருஷம் ஆயுத பூசையன்று ஏர், மண்வெட்டி, அரிவாள், மரக்கால் எல்லாவற்றுக்கும் நடுவில் பித்தளைத் தட்டொன்றில் அதுவும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். நாங்கள் எல்லாரும் விழுந்து கும்பிடுவோம்.

நான் வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன். மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் அலுவலகத்தில் வண்டியைப் பதிந்துகொண்டு, அந்த எண்ணை என்னிடம் சொல்வார்கள். பலகையில் கறுப்பு அடித்து வெள்ளையில் எழுதிக் கொடுப்பேன். பூரணாங்குப்பத்துப் படகுகளுக்குக் கண் எழுதியிருக்கிறேன், கோயில் வாகனங்களுக்கு மீசை வரைந்திருக்கிறேன். அதனால் அந்தத் துப்பாக்கியில் தேய்ந்துபோன சூலத்தைத் திருத்துகிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. பூசைக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துத்தான் செய்யச் சொல்வார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாத்தா போட்ட கோட்டை மூடக்கூடாது. எங்கே உதிர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும், எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு மட்டும், மயிரிழைத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும்.

சூலத்தின் வலப்பக்க முனைதான் முதலில் போகும். பூசை முடிந்து சந்தனத்தை ஈரத் துணியால் துடைக்கிறபோது பெருவிரல் சரியாக அந்த இடத்தில் விழும், அதனால். நடுமுனையில் ஒரு கீறல் உண்டு. பொட்டில் கீழ்ப்பாதி வெளுத்துக் கிடக்கும். எட்டு வருஷம் அதைத் தொட்டவன் நான். கண்ணைக் கட்டிவிட்டால்கூட வரைந்து காட்டுவேன். ஒரு வருஷம் சும்மா இருக்காமல் தூரிகையின் காம்பைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தேன். ஒரு விரல்கட்டை போனதும் ஈயத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஊரார் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சிநேகிதனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளை என்ற எண்ணம் அவனுக்கும் இருந்ததில்லை, எனக்கும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுப் பழஞ்சோற்றை என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பான். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். என்னை வளர்த்தவள் அக்கா. அவளைக் கட்டிக்கொண்ட மாமா என்னையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்த அக்காவும் என் சிநேகிதனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்குப் பிடிக்கும் என்று சுறாப்புட்டு எடுத்து வைப்பாள். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அவன் என் கொட்டகைக்கு வந்தான். கையில் ஒரு துணி மூட்டை.

"இன்னா மொசியே, வேலையா?" என்றான். நாலு எழுத்து பிரஞ்சு படித்திருந்ததால் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"வேலை இல்லாம சும்மா குந்திக்கினு இருக்க நா இன்னா பெரிய வூட்டுப் புள்ளையா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தான். துப்பாக்கி. இரும்புப் பாகம் முழுவதையும் எண்ணெய்த் துணியால் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தான். கைப்பிடிக் கட்டை மட்டும் வெளியே தெரிந்தது. அது பழைய கட்டை இல்லை. அப்போதுதான் இழைத்ததுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கரையான் அரிச்சுடுச்சுடா. தொட்டா பொலபொலன்னு மாவா கொட்டுது. டவுன்ல ஒரு ஆசாரிகிட்ட குடுத்து அதே அளவுல புதுசு போட்டுக்கினு வந்தேன்."

"ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன வூட்ல வெச்சிருப்பாரா? சாமிப் பொருள்ல கரையான் ஏறிச்சுன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஆரம்பிச்சுடுவாரு. படுத்த படுக்கையா கெடக்கிற மனுசன். இது காதுல வுழுந்துச்சுன்னா அதுலயே போய்டுவாரு."

அவர் படுக்கையில் கிடந்தது உண்மைதான். கார்த்திகையிலிருந்தே நடமாட்டம் இல்லை. நிலபுலத்தையெல்லாம் இவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய கட்டைல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வேணும். தேஞ்ச எடம் தேஞ்ச மாதிரியே. ஒன்னத் தவுர வேற எவனாலயும் ஆகாதுடா" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். வேலை தெரிந்தவனை ஏமாற்ற வேறொன்றும் வேண்டாம், அது போதும். இரும்பை ஏன் பொட்டலம் கட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகவும், பெயிண்ட் பட்டுவிடக்கூடாது என்றும், அவிழ்க்க வேண்டாம் என்றும் சொன்னான். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"கட்ட மாத்தினது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஒங்க அக்காவுக்குக்கூட. என் தலமேல சத்தியம் பண்ணுடா."

பண்ணினேன்.

மூன்று நாள் அதில் உட்கார்ந்தேன். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அதில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்தால் தண்ணீர் மைபோலக் கறுக்கும். அதைத் தடவித் தடவிக் காயவைத்ததும் கட்டை எழுபது வருஷத்துப் பழசாயிற்று. விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுக்கொண்டு ராப்பகலாகத் தேய்த்துக் கைப்பழக்கத்து மினுமினுப்பை ஏற்றினேன். வெள்ளையில் துளி புகைக்கரியும் துளி மஞ்சளும் கலந்து சூலத்தை முழுதாக வரைந்தேன். அது அரைகுறையாகக் காய்ந்ததும் தேங்காய் நாரால் வலமுனையைத் தேய்த்து எடுத்தேன். நடுமுனையில் ஊசியால் கீறல் போட்டேன். பொட்டின் கீழ்ப்பாதியை உமிழ்நீர் தொட்ட விரலால் வெளுக்க வைத்தேன். மறுபக்கத்துக் கோடுகளில் நடுக்கோடு மட்டும் பெருவிரல் அகலத்துக்கு மங்கியிருக்கும், அதையும் விடவில்லை.

வந்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், எங்க தாத்தாவே எழுந்து வந்தாலும் ஏமாந்துடுவாரு" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை, அதற்கு முன்னும் சரி பின்னும் சரி.

அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிட்டது. முறை வைத்துத்தான் பாய்ச்சினார்கள். பெரிய வீட்டு நிலம் மடைக்குப் பக்கத்தில். மாமாவின் முக்கால் காணி கடைமடையில். வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. அதைத் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் போகும், இறக்கினால் மேல்நிலத்துக்கே போகும். மாமாவுடைய முறை வந்த வாரமும் பலகை இறங்கியே கிடந்தது. மாமா போய்க் கேட்டதற்கு, எங்களுடையது இன்னும் நனையவில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று என் சிநேகிதன் சொல்லியனுப்பினான். அப்போது மாமாவின் நெல் கதிர் பிடிக்கிற தருணம். இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அறுக்கப் பதர்தான் மிஞ்சும். அந்த முக்கால் காணியை விட்டால் அவர்களுக்கு வேறு சோறு கிடையாது.

நான் அவனிடம் போய்ப் பேசினேன். "நீ இதுல வராத, இது நெலத்து வெவகாரம்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டான். கோபம் வந்தது. ஆனாலும் அவன் மாற்றிக்கொள்வான் என்றே நம்பினேன்.

மறுவாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நாளைக் காலையில் போய் நானே பலகையைத் தூக்கப் போகிறேன் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாணாம். அவன் பிஸ்தோல எடுத்து இடுப்புல சொருகிக்கினு வரப்புல நடக்கிறானாம். எல்லாரும் சொல்றாங்க."

மாமா என்னைப் பார்த்தார். அவர் எதையும் விசாரிக்காமல் செய்கிற ஆள் இல்லை. விதை வாங்குகிறபோதுகூட நாலு மணியைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்.

"மச்சான், நீதான வருசா வருசம் அதத் தொடுறவன். அது செத்த இரும்புதான? எதனா மாத்தி கீத்தி வெச்சிருக்கானுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. அதே பழைய கட்ட, அதே பழைய குழா. ஈயம் ஊத்தி அடைச்சது. நா தூரிகைய வுட்டே பாத்திருக்கேன். அதுல சுடறதுக்கு அவன் வாயாலதான் டுமீல்னு கத்தணும்" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்காகூடச் சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதே பழைய கட்டை என்று சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்கியது உண்மை. சத்தியம் செய்திருக்கிறேனே என்று நினைத்தேன். கட்டை புதிதாக இருந்தால் என்ன, குழாய் பழசுதானே என்றும் நினைத்தேன். பிறகு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மாமா கடப்பாரையோடு முன்னால் போனார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரும் நானும் பின்னால். கொஞ்சம் தள்ளி அக்கா கஞ்சிப் பானையோடு வந்தாள். பலகைக்குப் பக்கத்துக் கரையில் என் சிநேகிதன் இரண்டு ஆட்களோடு நின்றுகொண்டிருந்தான். மாமா பலகையை நெருங்கியதும் இடுப்பிலிருந்து அதை உருவி நீட்டினான். அவன் விரல்களுக்கு நடுவில் என் சூலம் தெரிந்தது, வலமுனை தேய்ந்து.

"இன்னாபா இது, சாமிக்கு வெக்கிறத வாய்க்காலுக்கு எடுத்தாந்துட்ட?" என்று மாமா சிரித்தார்.

நானும் சிரித்தேன். "டேய், பூசைக்கு இன்னும் ஏழு மாசம் கீதுடா!" என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம். பார்வையைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் மாமா அவன் எதிரில் போய் நின்று, குழந்தை கையிலிருந்து அரிவாளை வாங்குவதுபோல, குழாயின் வாயை வலது உள்ளங்கையால் மூடிப் பிடித்தார்.

"குடு இத. வூட்ல வெச்சுட்டு வா, பேசிக்கலாம்" என்றார்.

வெடித்தது. கொக்குகள் எல்லாம் எழும்பின. மாமா தன் கையைப் பார்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார். உள்ளங்கை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கஞ்சிப் பானை விழுந்து உடைந்த சத்தத்துக்குப் பிறகுதான் அக்காவின் குரல் கேட்டது. என் தலைத்துணியை அவிழ்த்து மாமாவின் கையைச் சுற்றிக் கட்டினேன். டவுன் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

கட்டையை ஏன் மாற்றினான் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஈயத்தைக் குடைந்தெடுத்து, மருந்தை வெடிக்க வைக்கும் குதிரையைச் சரிபண்ண வேண்டுமானால் கைப்பிடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போது பழைய கட்டை பிளந்திருக்கும். சுடுகிற துப்பாக்கி என்றால் அரசாங்க அனுமதி வேண்டும். சாமிப் பொருளுக்கு எதற்கு அனுமதி? அது சாமிப் பொருள்தான், யாரும் கை வைக்கவில்லை என்று ஊரை நம்ப வைக்க ஒரு தேய்ந்த சூலம் வேண்டியிருந்தது. அதை வரைந்து கொடுக்க ஒரு முட்டாள் வேண்டியிருந்தது. என் தட்டில் சோறு தின்றவன், என் அக்கா கையால் புட்டு வாங்கித் தின்றவன், என் கையைத் தலையில் வைத்துக்கொண்டு என் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னான். அவனை அங்கேயே கொன்று போடலாம்போல இருந்தது. அதை மறைக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

போலீஸிடம் அவன் சொன்னதும் காதுக்கு வந்தது. தாத்தா காலத்து மருந்து உள்ளே தங்கியிருந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்? சும்மா பயமுறுத்தத்தான் காட்டினேன், பிடித்து இழுத்தவர் அவர். இதுதான் அவன் வாக்குமூலம்.

ஒருநாள் என் கொட்டகைக்கே வந்தான். கீழே உட்காரவில்லை.

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும். தொறந்தா நீயும்தான்டா மாட்டுவ. வேலை பாத்தது நீ" என்றான். போகிறபோது, "சத்தியம் பண்ணியிருக்க" என்றும் சேர்த்துக்கொண்டான்.

கையில் கிடைத்தது சிவப்பு பெயிண்ட் டப்பா. அப்படியே எடுத்து வீசினேன். அவனுடைய சலவை வேட்டியில் முழங்காலிலிருந்து கீழே வழிந்தது. தெருவில் அந்தக் கோலத்தோடு நடந்து போனதைப் பார்த்து இரண்டு நாள் ஊரே பேசியது. எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

அக்காவிடமும் மாமாவிடமும் கட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமாவுக்கு முகம் துடைத்துவிட்டேன். துப்பாக்கியை ரகசியமாகச் சரிபண்ணி வைத்திருந்தான் பாவி என்று நான் திட்ட, மாமா, "ஒன்னையும் சேத்து ஏமாத்திட்டானே மச்சான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆமாம் என்றேன். விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அதுவரை எதற்கு என்று நாளைத் தள்ளினேன்.

விசாரணை மேரி அலுவலகத்தில் நடந்தது. டவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் பிரஞ்சில் எழுதிக்கொள்ளவும் எங்களுக்குத் தமிழில் சொல்லவும் ஒரு குமாஸ்தா. மேசையில் துப்பாக்கி. அக்கா வாடகை வண்டி பிடித்து மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள்.

அவனுடைய வக்கீல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இந்தச் சூலத்தைப் பாருங்கள். எப்படித் தேய்ந்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். தாத்தா போட்டது. கட்டையைக் கழற்றியிருந்தால் இது இப்படி இருக்குமா? இதை வருஷா வருஷம் தொடுகிற ஆளே இங்கே இருக்கிறார், அவரையே கேளுங்கள்."

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எழுந்து போனேன். டர்பன்டைன் சீசாவையும் ஒரு துணியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பழைய பெயிண்ட் கல்லாக இறுகியிருக்கும், இதற்கெல்லாம் அசையாது என்று சொல்லிவிட்டுத் துணியை நனைத்துத் துடைத்தேன். சூலம் குழம்பித் துணியில் வந்தது. பொட்டு வந்தது. திருப்பிப் போட்டு மூன்று கோடுகளையும் துடைத்தேன். குமாஸ்தாவின் பேனாக் கத்தியை வாங்கிக் கறுப்பைச் சுரண்டியதும் உள்ளே புது மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி எழுந்து வந்து நகத்தால் தொட்டுப் பார்த்தார். அவனுடைய வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வழக்கு அங்கேயே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னால் அவன் சில காலம் சிறையில் இருந்தான், அதற்கப்புறம் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான் என்று கேள்வி.

ஆனால் அன்று அவன் சும்மா போகவில்லை. எழுந்து நின்று என்னை நோக்கிக் கைநீட்டினான்.

"ஆமா, கட்ட புதுசுதான். அத பழசாக்கினதே இவன்தான். மாசியிலேயே தெரியும் இவனுக்கு. என் தலமேல அடிச்சு சத்தியம் பண்ணிட்டு இப்ப நாலு பேரு முன்னால காட்டிக் குடுக்கிறான். துரோகி!"

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் மேசையைத் தாண்டக் கால் எடுத்தேன். பாய்ந்திருப்பேன். பெஞ்சிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மச்சான்."

திரும்பினேன்.

"எங்க வூட்ல, சாப்புடும்போது, எதனா மாத்தி கீத்தி வெச்சிருக்கானுங்களான்னு நா ஒன்னக் கேட்டனே. அப்பவே தெரியுமா ஒனக்கு, கட்ட புதுசுன்னு?"

"தெரியும் மாமா" என்றேன்.

"நா தொட்டிருக்க மாட்டேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பிய இடம் எது என்று கண்டுபிடித்த மாதிரி, தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு துண்டை இழுத்து அந்த முண்டக் கையின்மேல் போட்டுக்கொண்டார்.

இதையும் எழுத வேண்டுமா என்று குமாஸ்தா கேட்டார். எழுதச் சொன்னார் அதிகாரி. எழுதி முடித்ததும் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் போட்டேன். மாமா கையெழுத்துப் போடத் தெரிந்தவர். பத்திரங்களில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்ப்பார். அன்று இடது கையை நீட்டினார். அக்கா அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, என் கையெழுத்துக்குக் கீழே அழுத்தினாள். முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டாள்.

வெளியே வண்டி நின்றது. மாமாவைத் தூக்கி ஏற்ற நான் தோள் கொடுக்கப் போனேன். அக்கா வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். மாமா உள்ளே உட்கார்ந்ததும் அவளும் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் காலை வைத்தபோது, என் முகத்தைப் பார்க்காமல், "எடமில்லடா. நீ நடந்து வா" என்றாள்.

ஐந்து பேர் உட்காரக்கூடிய வண்டி அது. அது திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு நடந்தேன்.